அதே தண்ணீரைத்தான் பெண்களும் குடிக்கிறார்கள்

சரவணன் அழைத்தபோது நான் ஈப்போ கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தேன். மங்கையின் தம்பி அவர். பத்து காஜா ஊரிலிருந்து லோரி ஓட்டுகிறார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தவர்.

"ரெஜினாக்கா, அக்கா போயிட்டாங்க. கோப்பி கலக்கப் போனேன். வந்து பார்த்தா மூச்சு இல்ல."

"வலி இருந்துச்சா?"

"தெரியலக்கா. சொல்லவே இல்ல."

காரை எங்கோ ஓர் ஓரத்தில் நிறுத்தினேன். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம். இதை எழுதும்போதும் அதுதான் இருக்கிறது. இந்த அஞ்சலியை எழுதச் சொன்ன நண்பர்கள், "படிக்கிறவங்க மனசு உருகுற மாதிரி எழுதுங்க" என்றார்கள். என்னால் அப்படி எழுத முடியாது. மங்கையை அறிந்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். அறிந்தும் அவரைத் தடுத்தவர்கள் இதைப் படித்துச் சங்கடப்பட்டால் எனக்கு வருத்தமில்லை.

முனைவர் மங்கையும் நானும் ஒரே கல்லூரியில், ஒரே மாடியில், அடுத்தடுத்த அறைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தோம். நான் பூச்சிகளைப் பற்றிப் படித்தவள். அவர் பாலூட்டிகளின் கர்ப்பப்பை, சினைப்பை, நஞ்சுக்கொடி ஆகியவற்றில் மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தவர். உடலின் எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. அவற்றில் எது, எந்த உறுப்பில், எந்த நேரத்தில் செயல்படுகிறது, எது சும்மா கிடக்கிறது என்பதுதான் மரபணு வெளிப்பாடு. ஆட்டிலும் மாட்டிலும் எலியிலும் மனிதரிலும் அதை ஒப்பிட்டு, கோடிக்கணக்கான ஆண்டுப் பரிணாமத்தில் எது மாறியது, எது மாறவே இல்லை என்று பார்ப்பது அவர் வேலை.

அந்த வேலைக்கு ஆட்டுக் கர்ப்பப்பை வேண்டும். அறுப்புக்கூடத்துக்குப் போய், சூடு ஆறுவதற்குள் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவருவார். ஒருமுறை அவர் கார் பழுதானதால் இருவரும் பஸ்ஸில் வந்தோம். பெட்டியை மடியில் வைத்திருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்த அம்மாள், "மீனா தங்கச்சி? என்னா மீன்?" என்று கேட்டார்.

"மீன் இல்லக்கா. ஆட்டுக் கர்ப்பப்பை."

அந்த அம்மாள் எழுந்து முன்னால் போய்விட்டார். மங்கை ஜன்னல் பக்கம் திரும்பி, "அலமாக், அந்தக்காவும் அதுல இருந்துதானே வந்துச்சு" என்றார். மெதுவாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது.

அவரை 'அமைதியானவர்' என்று இப்போது சொல்கிறார்கள். அமைதியாம்! துறைக் கூட்டங்களில் அவர் பேசத் தொடங்கினால் கதவை இழுத்துச் சாத்த வேண்டியிருக்கும்.

அவர் பிறந்து வளர்ந்தது பால்மரத் தோட்டத்தில். அம்மா களைக்கொல்லி மருந்து அடிக்கும் வேலை செய்தவர். முதுகில் டின்னைச் சுமந்து, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்துவிட்டு, அதே கையோடு வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். மங்கைக்கும் சரவணனுக்கும் நடுவில் அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. ஒருமுறை நான் இதைப் பற்றி மென்மையாக ஏதோ சொல்ல முயன்றேன். "உங்க அம்மாவுக்கு நடந்ததுக்கு அந்த மருந்துதான் காரணமா இருக்கும், இல்லையா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரியாது, ரெஜி. தெரியாததைத் தெரியும்னு நானும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத. தெரிஞ்சுக்க விடுங்கன்னுதான் நான் கேக்குறேன்."

அவர் தன் வாழ்நாளில் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். அதைத்தான் கொடுக்கவில்லை.

கோலா கங்சார் போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு பழைய தோட்டம் இருக்கிறது. பெயரை இங்கே எழுதவில்லை, அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலமாகிறது. வேலை போன பிறகும் சில குடும்பங்கள், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் தங்கிவிட்டன. போக வேறு இடம் இல்லை. ஆண்கள் ஈப்போவில் காவல் வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். பெண்கள் ஆடு வளர்க்கிறார்கள். குழாய்த் தண்ணீர் இல்லை. செம்பனை ஓரத்து வாய்க்காலை ஒட்டி ஒரு கிணறு. மனிதர்களும் அதைத்தான் குடித்தார்கள், ஆடுகளும் அதைத்தான் குடித்தன.

அங்கிருந்து லெட்சுமி என்ற பெண் ஒருநாள் எங்கள் கல்லூரிக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அறுப்புக்கூடத்துக்கு ஆடு விற்பவர் ஒருவர் மூலம் மங்கையைத் தெரிந்துகொண்டவர். உட்காரச் சொன்னதும் உட்காராமலே பேசினார்.

"டாக்டரம்மா, எங்க ஆடுங்க எல்லாம் குட்டி தங்க மாட்டுது. மாசம் முடியறதுக்குள்ள விழுந்துடுது. ஒரு வீட்டு ஆடு இல்லம்மா, எல்லா வீட்டு ஆடும்."

"டாக்டர் வந்து பார்த்தாரா?"

"கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டாரு. நோய் ஒன்னும் தெரியலன்னுட்டாரு."

மங்கை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். லெட்சுமி குனிந்து அந்தக் குறிப்பைப் பார்த்தார். பிறகு, "எனக்கும் தங்கலம்மா" என்றார். "எங்க லயத்துல எனக்கு மட்டும் இல்ல."

மங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

அதன் பிறகு அவர் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. லயத்துக்குப் போவார், வருவார். குட்டி விழுந்த ஆடுகளை விற்றபோது, அறுக்கும் இடத்துக்கே போய்க் கர்ப்பப்பையின் உட்சவ்வை எடுத்துவந்தார். வேறு ஊர்களில் நல்லபடியாகக் குட்டி போடும் ஆடுகளிலிருந்தும் எடுத்தார். எந்தெந்த மரபணு செயல்பட்டிருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டார். கரு வந்து ஒட்டுவதற்குக் கர்ப்பப்பை தயாராகும்போது சில மரபணுக்கள் விழிக்க வேண்டும், சில அடங்க வேண்டும். அந்த லயத்து ஆடுகளில், விழிக்க வேண்டியவற்றில் பல விழிக்கவே இல்லை.

அந்த ஒப்பீட்டுப் படத்தை எனக்குத் திரையில் காட்டினார்.

"ரெஜி, நஞ்சுக்கொடியை எடுத்துக்கிட்டா ஆட்டுக்கு ஒரு மாதிரி, எலிக்கு ஒரு மாதிரி, நமக்கு ஒரு மாதிரி. பாலூட்டி உடம்புல அந்த அளவுக்கு மாறிப்போன உறுப்பு வேற இருக்குமான்னு தெரியல. ஆனா இங்க பாரு, இந்த மரபணுக் கூட்டம் மாறல. ஆட்டுல இருக்கு, மாட்டுல இருக்கு, எலில இருக்கு, நம்மகிட்டயும் இருக்கு. இத்தனை காலமா இயற்கை இதுல கை வைக்கல. கை வச்சா குட்டி இல்லை, அதனாலதான் வைக்கல. இது ஆட்டுல கெட்டுப்போச்சுன்னா, அதே தண்ணிய குடிக்கிற பொம்பளைங்கள பார்க்கணுமா வேணாமா?"

பார்க்க வேண்டும் என்பது ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். எங்கள் துறைத் தலைவருக்குப் புரியவில்லை. அல்லது நன்றாகவே புரிந்தது. அந்தத் தோட்டத்தை நடத்தும் செம்பனை நிறுவனமும் எங்கள் கல்லூரியும் அப்போதுதான் கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தம் போட்டிருந்தன. பெண்களைப் பரிசோதிக்க அனுமதி கேட்டு மங்கை விண்ணப்பித்தார். துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டபோது நானும் போனேன். மங்கைதான் சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனார்.

தலைவரும் தமிழர்தான். தோட்டத்திலிருந்து படித்து வந்தவர்தான். அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். "நானும் எஸ்டேட்லேர்ந்து வந்தவன்தான், மங்கை. அந்தச் சனங்க மேல எனக்கும் அக்கறை இருக்கு. ஆனா ஆடு வேற, மனுஷி வேற."

"எந்த இடத்துல வேற, சார்? நான் காட்டுன மரபணுவுல எது வேற?"

"வீணா ஜனங்கள பயமுறுத்தக் கூடாது."

"அவங்க ஏற்கெனவே பயந்துதான் இருக்காங்க. பிள்ளை தங்கலன்னா மாமியா சாமி குத்தம்ங்குது. புருஷன் இவ சரியில்லங்கிறான். நாம அவங்களுக்கு ஒரு பதில் சொல்லணும். 'தண்ணியில ஒன்னும் இல்ல'ன்னு பதில் வந்தாலும் அது பதில்தான்."

மங்கை கிணற்றுத் தண்ணீரைத் தன் சொந்தப் பொறுப்பில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார். களைக்கொல்லியின் எச்சம் இருக்கிறது, ஆனால் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று முடிவு வந்திருந்தது. தலைவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். "பாருங்க, அளவுக்குள்ளதானே இருக்கு?"

"யாருக்கு அளவு, சார்? வயித்துல கரு இருக்கிற ஒருத்தி, வருஷக்கணக்கா தினமும் குடிச்சா என்னான்னு யார் அளந்தாங்க? அந்த ஆளைக் கூப்பிடுங்க, நான் பேசுறேன்."

அனுமதி கிடைக்கவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று முதலில் சொன்னார்கள். பிறகு அதைக்கூடச் சொல்லவில்லை.

ஆடுகளை வைத்து மட்டும் ஒரு கட்டுரை எழுதினார் மங்கை. அதன் கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் இருந்தது: இந்த மரபணுத் தொகுதி பெண்களிலும் மாறாமல் இருக்கிறது, அந்த ஆடுகள் குடிக்கும் அதே தண்ணீரைத்தான் அங்குள்ள பெண்களும் குடிக்கிறார்கள். அதில் ஒரு பொய் இல்லை. யார்மீதும் பழி இல்லை. அந்த வாக்கியத்தை எடுத்தால் கட்டுரையைக் கல்லூரியின் பெயரில் வெளியிடலாம் என்றார்கள். எடுக்காவிட்டால் முடியாது.

நாங்கள் பலரும் அவருக்கு அறிவுரை சொன்னோம். கட்டுரை வெளிவரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றோம். அவர் கேட்டுக்கொண்டே மதியச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். "அந்த வரிய எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது ஆடு. லெட்சுமி கேட்டது ஆட்டைப் பத்தி மட்டும் இல்ல" என்றார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த ஆண்டு அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. எழுதிய கட்டுரை போதாது என்று காரணம் சொன்னார்கள்.

ஆராய்ச்சி நின்றுபோனது. அவர் தண்ணீரை விடவில்லை. "ஆராய்ச்சி காத்திருக்கும். தாகம் காத்திருக்காது" என்று சொல்லிக்கொண்டு லெட்சுமியையும் லயத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். முதலில் தண்ணீர் லோரி வந்தது. வெகுநாள் கழித்துக் குழாய் வந்தது. குழாய் வந்த வாரமே, யாரும் கேட்காமலே, தோட்ட நிர்வாகத்தினர் கிணற்றில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். இனி அதிலிருந்து ஒரு சொட்டுகூட எடுத்துச் சோதிக்க முடியாது. குழாயைத் திறந்துவைத்த விழாவில் எங்கள் துறைத் தலைவர் மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். மங்கைக்கு அழைப்பு இல்லை. ஆனாலும் அவர் போனார். பெண்களோடு கீழே நின்று, அந்தக் குழாயில் முதல் குவளை பிடித்து லெட்சுமிக்குக் கொடுத்தார்.

அடுத்து நடந்ததை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

வயிறு உப்புசமாக இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று மங்கை சொல்லத் தொடங்கியிருந்தார். ஒரு கிளினிக்குக்குப் போனார். வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி போனார். வயது ஆகிறது, மாதவிடாய் நிற்கும் காலம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மூன்றாம் முறை நானும் உடன் போனேன். மங்கை தெளிவாகக் கேட்டார்: "டாக்டர், சினைப்பையை ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும். எனக்குச் சந்தேகமா இருக்கு."

அந்த மருத்துவர் இளைஞர். சிரித்தார். "ஆன்ட்டி, இன்டர்நெட்ல ரொம்பப் படிக்காதீங்க லா."

மங்கை என்ன படித்தவர் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வெளியே வந்ததும் நான் கத்தினேன். ஏன் சொல்லவிடவில்லை என்று கேட்டேன்.

"நான் படிச்சவன்னு தெரிஞ்சாத்தான் என் வயித்தைப் பார்ப்பாருன்னா, லெட்சுமி வந்தா யார் பார்ப்பா?"

வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது புற்றுநோய் சினைப்பையைத் தாண்டிப் பரவியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை நான் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "எத்தனை பிராணியோட சினைப்பையைத் திறந்து பார்த்திருக்கேன், ரெஜி. கேட்டு வாங்கிப் பார்த்திருக்கேன். என்னோடதை மட்டும் பாருங்கன்னு நான் கெஞ்ச வேண்டியிருந்துச்சு பாரேன்." அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவருடைய நோய்க்கும் தோட்டத்து மருந்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று முடிவுசெய்தவர்களை மட்டும் எனக்குத் தெரியும்.

துக்க வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருவர், சரவணனுக்குக் கேட்கும்படியே சொன்னார்: "கல்யாணம் வேணாம், பிள்ளை வேணாம்னு கர்ப்பப்பையையே அறுத்து அறுத்துப் பார்த்துட்டு இருந்தா. சாமி சும்மா விடுமா?" சரவணன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "பெரியம்மா, நீங்க கெளம்புங்க" என்றார். "எங்கக்கா பொணத்தைத் தூக்குறதுக்கு முன்னால நீங்க கெளம்பிடுங்க." அவர் போன பிறகுதான் சடங்கு தொடங்கியது. மின்சுடலையில் பொத்தானைச் சரவணன்தான் அழுத்தினார்.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். படத்துக்கு மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். துறைத் தலைவர் பேசினார். மங்கை அமைதியானவராம், யாரிடமும் அதிர்ந்து பேசாதவராம், தோட்டத்து மக்களுக்காக அவரும் தலைவரும் தோளோடு தோள் நின்று உழைத்தார்களாம். "அவருடைய பணியை நாம் தொடர வேண்டும்" என்று முடித்தார்.

நான் எழுந்தேன். பேசுவதாகத் திட்டம் ஒன்றும் இல்லை. "எந்தப் பணியைத் தொடரணும்?" என்று கேட்டேன். "நீங்க மறுத்த பணியையா?"

"டாக்டர் ரெஜினா, இது அதுக்கான நேரம் இல்ல" என்றார்.

"அவர் உயிரோட இருந்தப்பவும் இதைத்தான் சொன்னீங்க."

பிறகு, அவர்கள் வெளியிட விடாத அந்த வாக்கியத்தை முழுவதுமாகச் சொன்னேன். ஆடுகளைச் சொன்னேன், கிணற்றைச் சொன்னேன். யாரோ ஒலிவாங்கியை அணைத்தார்கள். எனக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் குனியவில்லை. தலைவர் தண்ணீர் குடித்தார். கூட்டம் ஒரு நிமிட மௌனம்கூட இல்லாமல் கலைந்தது. மங்கைக்கு மௌனம் பிடிக்காது, அதனால் அது பொருத்தம்தான்.

கடைசி வரிசையில் லெட்சுமியும் லயத்துப் பெண்களும் உட்கார்ந்திருந்ததை நான் அதுவரை கவனிக்கவில்லை. பஸ் பிடித்து வந்திருந்தார்கள். லெட்சுமியின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குழாய் வந்த பிறகு பிறந்தது. தண்ணீர் மாறியதால்தான் பிறந்தது என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் மங்கை என்னைத் திட்டுவார்.

"டாக்டரம்மா எங்கள சோதிக்கட்டுமான்னு கேட்டப்போ நாங்க எல்லாரும் சரின்னோம்" என்றார் லெட்சுமி. "எங்ககிட்ட வேற யாரும் கேக்கல. நாங்க இன்னும் சரின்னுதான் சொல்றோம். நீங்க செய்வீங்களா?"

"நான் பூச்சியைப் படிச்சவ, லெட்சுமி."

"அப்ப தெரிஞ்சவங்கள கூட்டிட்டு வாங்க லா."

வேறோர் ஊரில் மங்கையின் ஆராய்ச்சித் துறையில் இருக்கும் இருவரிடம் பேசியிருக்கிறேன். அனுமதி கேட்டு அவர்கள் பெயரோடு என் பெயரையும் சேர்த்து விண்ணப்பம் போயிருக்கிறது. இந்த முறை எங்கள் கல்லூரி வழியாக அல்ல. அதற்குப் பிறகு துறைத் தலைவர் என்னோடு பேசுவதில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் கைப்பேசியைப் பார்க்கிறார்.

அன்னாரின் ஆன்மா அமைதி கொள்ளட்டும் என்று இதை முடிக்க எனக்கு மனமில்லை. பாதியில் நிறுத்தப்பட்ட ஒருவருக்கு அமைதியை வேண்டுவது, நிறுத்தியவர்களுக்குத்தான் வசதி. மங்கையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபம். அவர் அதை வைத்துக்கொண்டு யாரையும் அவமானப்படுத்தவில்லை, ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு லயத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தார். எனக்கு அந்த அளவு பக்குவம் கிடையாது. ஆனால் கோபம் இருக்கிறது, அது ஆறவில்லை, ஆற விடப்போவதும் இல்லை.